வரலாம்... வரலாம்... ஹோல்டான்!

நம்ம ஊரில் லாரியைப் பின்னால் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் பையன் குதித்து இறங்கி, வண்டிக்குப் பின்னால் ஓடி, பாடியை ரெண்டு தட்டு தட்டி ஆரம்பிப்பான். "வரலாம் வரலாம்... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... அப்படியே வரலாம்... ஹோல்டான்!" இங்கே டெல்லியில் அதே வேலை "ஆனே தோ, ஆனே தோ... பஸ்!" என்று நடக்கும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் பஸ் வருகிறதாக்கும் என்று ஒதுங்கி நிற்பதும் உண்டு :-)

வங்கியில் நாங்கள் இதை 'மேக்கர் - செக்கர்' என்போம். ஒருவர் எண்ட்ரி போடணும், இன்னொருவர் சரிபார்க்கணும். இந்தியாவில் ரிவர்ஸ் எடுப்பது பல காலமாக அப்படித்தான். ஸ்டியரிங்கில் ஒருவர் மேக்கர், பின்னால் நிற்கும் ஒருவர் செக்கர். கிளீனர் இல்லாவிட்டால் வாட்ச்மேன், வாட்ச்மேனும் இல்லாவிட்டால் தெருவில் போகிற யாராவது ஒரு புண்ணியவான்.

டிரைவிங் டெஸ்டில் மட்டும் செக்கர் கிடையாது. கோட்டுக்குள் வண்டியைத் தனியாக, பின்னால் கொண்டுபோய் நிறுத்தணும். என் மனைவி எல்.எல்.ஆர். போட்டதிலிருந்து வீட்டில் இதே பேச்சு. பயிற்சிக்குத் துணைக்குப் போன நான், இந்த ரிவர்ஸ் எப்படிப் பரீட்சைக்குள் வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பி.காமுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் கதை சுவாரஸ்யமாக இருந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ரிவர்ஸே இல்லாத கார்

கார்ல் பென்ஸ் 1886ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டிக்கு ஒரே ஒரு கியர்தான், முன்னால் போக. பின்னால் போகணும் என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். மாட்டு வண்டியைப் பின்னால் எடுக்க நம்மவர்கள் நுகத்தடியைப் பிடித்துத் தள்ளுவார்களே, ஏறக்குறைய அந்த நிலைமை. சத்தமும் நாற்றமும் தாங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் புகார் சொன்னதால், 1888ல் பாடன் அரசாங்கத்திடம் பென்ஸ் எழுத்து மூலம் அனுமதி வாங்கினார். உலகின் முதல் டிரைவிங் லைசென்ஸ் அதுதான் என்பார்கள். பரீட்சை எதுவும் இல்லை.

பாரிஸ் நகரப் போலீஸ் 1893ல் ஓட்டுநருக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது. நாடு முழுவதற்கும் கட்டாயப் பரீட்சை என்று முதலில் கொண்டுவந்தது பிரஷ்யா, 1903ல். அதே வருஷம் பிரிட்டனும் சட்டம் போட்டது. 1904 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் கட்டாயம், கட்டணம் 5 ஷில்லிங், பரீட்சை மட்டும் கிடையாது. பணம் கட்டினால் கையில் லைசென்ஸ். கே.ஒய்.சி. இல்லாமல் கணக்கு திறந்த மாதிரிதான்! இந்த ஏற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது.

ரிவர்ஸ் கியரைக் கோடிக்கணக்கான ஜனங்கள் காலடியில் கொண்டுவந்து வைத்தது ஃபோர்டின் மாடல் டி, 1908ல். அதில் மூன்று பெடல், நடுவில் இருந்தது ரிவர்ஸ். இதில் ஒரு வேடிக்கை. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது, பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்குப் போகணும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் உயரத்துக்குப் போய்விடுவதால், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் மேட்டைக் கண்டால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏறினார்கள். ரிவர்ஸுக்கு இழுவை அதிகம் என்பதும் வசதியாகப் போயிற்று. அந்தக் காலத்து ஆட்களுக்குப் பின்னால் ஓட்டுவது தினப்படிப் பிழைப்பு!

பின்னால் போனால்தான் ஏன் நுழைகிறது?

"இவ்வளவு இடம் இருக்கே, மூக்கை விட்டு நேராகவே நுழையக் கூடாதா?" என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். நியாயமான கேள்வி.

காரில் திரும்புவது முன் சக்கரம் மட்டும்தான். பின் சக்கரம் இழுத்த இழுப்புக்கு வரும். முன்னால் போய்த் திரும்பும்போது பின் சக்கரம் எப்போதும் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீளமான பஸ் முனையில் திரும்புகையில் பின் டயர் பிளாட்பாரத்தில் ஏறப் பார்ப்பது இதனால்தான். எனவே மூக்கை முதலில் நுழைத்தால், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ரிவர்ஸில் கதை மாறுகிறது. திரும்பாத பின் சக்கரம் முதலில் மூலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, திரும்புகிற முன் சக்கரத்தை வைத்து மூக்கை வீசி உள்ளே கொண்டுவந்துவிடலாம். வெளியே வரும்போதும் அதே வழிதான்.

திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் குறைவாகவும் ஒடிய வேண்டும் என்ற ஏற்பாடு காருக்கும் முந்தியது. மியூனிக்கின் லாங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் 1817ல் குதிரை வண்டிக்காக யோசித்தது. லண்டனில் அவருக்காகக் காப்புரிமை பதிந்தவர் ஆக்கர்மான், 1818ல். பெயர் பதிந்தவருக்கே போய்விட்டது. இன்றும் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் ஆக்கர்மான் என்றுதான் படிக்கிறார்கள். வேலை செய்தவன் ஒருவன், கையெழுத்துப் போட்டவன் ஒருவன். எந்த ஆபீசில்தான் இது நடக்கவில்லை!

1935: ஒரே வருஷத்தில் இரண்டு சங்கதி

1934ல் பிரிட்டனில் ஓடிய வண்டிகள் சுமார் 24 லட்சம். அந்த ஒரு வருஷத்தில் சாலையில் செத்தவர்கள் 7,343 பேர். இனி பரீட்சை இல்லாமல் முடியாது என்று அரசாங்கம் இறங்கி வந்தது. 1935 மார்ச்சில் விருப்பப்பட்டவர்களுக்கு டெஸ்ட், ஜூன் 1 முதல் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயம். கட்டணம் ஏழரை ஷில்லிங். டெஸ்ட் மையங்கள் என்று எதுவும் அப்போது கிடையாது. ரயில்வே ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ் வாசல் என்று எங்கேயாவது எக்ஸாமினரைச் சந்திக்கணும். ஆரம்பத்தில் தேறியவர்கள் 63 சதவீதம். பின்னால் ஓட்டியபடியே இடது அல்லது வலது பக்கம் உள்ள குறுகலான வழிக்குள் நுழைந்து காட்டணும் என்பது பிரிட்டிஷ் டெஸ்டின் பழைய அம்சங்களில் ஒன்று.

அதே 1935, ஜூலை 16. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வேலை செய்ய ஆரம்பித்தது. கடைத்தெருவில் ஆபீஸ் போகிறவர்கள் காலையில் நிறுத்திய காரை சாயங்காலம்தான் எடுத்தார்கள், கடைக்கு வருகிறவர்களுக்கு இடமே இல்லை. கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர் சொன்ன யோசனைதான் மீட்டர். மணிக்கு 5 சென்ட், சுமார் 20 அடிக்கு ஒரு மீட்டர், தரையில் கோடு. அதுவரை தெருவில் 'எங்கேயாவது' நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு காருக்கும் அளந்து வைத்த ஒரு பெட்டி. முன்னாலும் கார், பின்னாலும் கார், நடுவில் உன் இடம், முடிந்தால் நுழை. இன்று நம்மை வியர்க்க வைக்கும் பேரலல் பார்க்கிங் ஊருக்கு ஊர் பரவியதில் அந்த மீட்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம நாட்டுக் கணக்கு

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1914ல் வந்தது. 1939ல் புதுச் சட்டம், ஓட்டும் திறனுக்கான டெஸ்ட் அதன் அட்டவணையிலேயே இருந்தது. இப்போதைய சட்டம் 1988ல் நிறைவேறி, 1989 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த மத்திய விதிகளில் 15வது விதிதான் டெஸ்ட் பற்றியது. வண்டியைப் பின்னால் எடுத்து, வலமோ இடமோ உள்ள குறுகிய இடத்துக்குள், கட்டுப்பாட்டோடும் ஓரளவு துல்லியத்தோடும் செலுத்தத் தெரியணும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் கார் பழக்கினால் 21 நாளுக்குக் குறையக் கூடாது, சொந்தக் காருக்கு 10 மணி நேரமாவது மாணவர் கையால் ஓட்டியிருக்கணும் என்றும் விதி சொல்கிறது. எத்தனை பேருக்கு 10 மணி நேரம் கிடைத்தது என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன் :-)

எழுத்தில் எல்லாம் இருந்தது. நடப்பில் அந்த விதிக்கு ரொம்ப காலம் வேலையே இல்லை. அம்பாசடர் காலத்தில் கார் என்றால் அதற்கு ஒரு டிரைவர். பவர் ஸ்டியரிங் இல்லாத, சுமார் 4.3 மீட்டர் நீள வண்டி. கியரோ ஸ்டியரிங் தண்டில். திருப்பத் தோள்பட்டையில் பலம் வேணும். ஆனால் நிறுத்த இடம் தாராளம், பின்னால் நின்று குரல் கொடுக்க ஆளும் தாராளம்.

1983 டிசம்பர் 14ல் மாருதி 800ன் முதல் சாவியை இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்தார். அதிலிருந்து நடுத்தரக் குடும்பத்துக்காரர் மெல்ல மெல்லத் தானே டிரைவர் ஆனார். மூன்றே கால் மீட்டர் சொச்சம் நீளம், கியர் தரையில், பொம்மை மாதிரி வண்டி. முப்பது வருஷத்தில் டெல்லியின் டி.டி.ஏ. ஃப்ளாட்டுகள் எப்படி ஆயின என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டரை மனதில் வைத்துக் கட்டிய சந்துகளில் இன்று வீட்டுக்கு ஒரு கார், சில வீட்டில் இரண்டு. எத்தனையோ அக்கம்பக்கச் சண்டைக்கு மூலகாரணம் அரை அடி பார்க்கிங் இடம். விதி 15க்கு இப்போதுதான் உண்மையான தேவை வந்தது. அந்த நேரத்தில் டெஸ்ட் எப்படி நடந்தது?

450 ரூபாயும் 1,120 ரூபாயும்

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரேமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வு. முல்லைநாதன் நம்ம தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா போனவர். 2004 - 2005ல் டெல்லியில் லைசென்ஸ் வாங்க வந்த 822 பேரை இவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு, 32 நாளுக்குள் லைசென்ஸ் வாங்கினால் 2,000 ரூபாய் பரிசு. இன்னொரு பிரிவினருக்கு இலவச டிரைவிங் பயிற்சி. மூன்றாவது பிரிவை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களுக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வாளர்களே ஒரு டெஸ்ட் வைத்தார்கள்.

முடிவைப் பாருங்கள். லைசென்ஸ் வாங்கியவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் டெஸ்டே கொடுக்கவில்லை. 62 சதவீதம் பேருக்கு, தனியாக வைத்த டெஸ்டின்படி, ஓட்டும் தகுதி இல்லை. அரசுக் கட்டணம் சுமார் 450 ரூபாய், சராசரியாகச் செலவானது 1,120 ரூபாய். வித்தியாசம் 670. பெரும்பகுதி ஏஜென்ட் வழியாகப் போன காசு. நேர்வழியில் போனவர்கள் நன்றாக ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஃபெயில் ஆவது சகஜமாக இருந்தது.

கணக்குப் பிள்ளைக் கண்ணோடு இந்த 670ஐப் பார்த்தால் மனசு பதறுகிறது. கொடுத்தவருக்கு அது சின்ன செலவு. ஆனால் வண்டிக்குப் பின்னால் நடந்து போகிற பாட்டிக்கும், பந்து பொறுக்க ஓடி வருகிற பையனுக்கும் இருந்த ஒரே பாதுகாப்பை அந்தக் காசு வாங்கிவிட்டது. பற்று ஒருவர் கணக்கில், வரவு இன்னொருவர் கணக்கில், இழப்பு மூன்றாவது ஆளுக்கு. அந்த மூன்றாவது ஆளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

தண்ணி கேன் பாடம்

என் மனைவி எல்.எல்.ஆர். போட்ட செய்தி ஊருக்குப் போனதும் மைத்துனன் போன் செய்தான். "எதுக்கு மாமா அங்க அலையிறீங்க? அக்காவைப் பொங்கலுக்குக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு நாள் சேர்த்து லீவு போடுங்க போதும். நம்ம ஆள்கிட்ட சொல்லி முடிச்சிரலாம்."

அவன் மேல் தப்பில்லை. வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இது வழக்கம். பாஷை தெரியாத ஊரில் ஆபீஸ் ஆபீஸாக அலைவதை விட, சொந்த ஊரில் தெரிந்தவர் மூலம் காரியத்தை முடிப்பது சுலபம்தானே. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "லைசென்ஸை நீ வாங்கிக் கொடுத்துருவே. இந்தச் சந்துல வண்டியை நீயா வந்து நிறுத்துவே?"

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு காலி மைதானம், 20 லிட்டர் தண்ணி கேன் நாலு. கேன்தான் முன் கார், கேன்தான் பின் கார். முன் 'காருக்கு' இணையாக, ரெண்டு அடி தள்ளி நிறுத்து. மெல்லப் பின்னால் வா. பின் பம்பர் ரெண்டும் நேராக வந்ததும் இடது பக்கம் முழுசாக ஒடி. வண்டி சாய்வாக நின்றதும் ஸ்டியரிங்கை நேராக்கிக் கொஞ்சம் உள்ளே விடு. மூக்கு முன் 'காரை'த் தாண்டியதும் வலது பக்கம் முழுசாக ஒடி. எல்லாம் ஹாஃப் கிளட்சில், நடந்து போகிற வேகத்தை விட மெதுவாக. முதல் மாதம் உருண்ட கேன்களுக்குக் கணக்கில்லை. என் வேலை கேனை நிமிர்த்தி வைப்பது. "வரலாம் வரலாம்" சொல்ல எனக்குத் தடை. டெஸ்டில் யார் சொல்லப் போகிறார்கள் என்றாள்.

2010களின் பிற்பகுதியிலிருந்து டெல்லியில் தானியங்கி டெஸ்ட் டிராக்குகள் வந்துவிட்டன. எட்டு, ரிவர்ஸில் ஒரு 'எஸ்' வளைவு, மேட்டில் நிறுத்தி எடுப்பது, பேரலல் பார்க்கிங் என்று வரிசையாகக் கட்டங்கள், பார்ப்பது கேமரா. முதல் தடவை பின் டயர் கோட்டைத் தொட்டது. ஃபெயில். வீட்டுக்கு வரும் வழியில் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். "டயர் பட்டுச்சு, ஃபெயில் ஆயிட்டேன். அவ்வளவுதானே" என்றாள். அடுத்த தடவை பாஸ். மேலே சொன்ன ஆய்வைப் படித்தவன் என்ற முறையில், அந்த முதல் ஃபெயிலுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று எனக்குப் பட்டது. தொட்டால் ஃபெயில், தொடாவிட்டால் பாஸ். 2004ல் இங்கே இது கிடைக்கவில்லை.

இனி இது தேவையா?

உலகம் இதில் ஒரே பாதையில் போகவில்லை. பிரிட்டன் 1991ல் ரிவர்ஸ் பேரலல் பார்க்கிங்கை டெஸ்டில் சேர்த்தது. மூலையைச் சுற்றி ரிவர்ஸ் எடுக்கும் பழைய பாடத்தை 2017 டிசம்பரில் நீக்கியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2015ல் பேரலல் பார்க்கிங்கையே எடுத்துவிட்டது. கேரளத்தில் 2024ல் பேரலல், சாய்வு பார்க்கிங் எல்லாம் சேர்த்து டெஸ்டைக் கடுமையாக்க முயன்றபோது டிரைவிங் ஸ்கூல்கள் போராட்டத்தில் இறங்கின. இந்தியாவில் 2021 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்துத் தேறினால் ஆர்.டி.ஓ. டெஸ்டிலிருந்து விலக்கு என்றும் விதி வந்திருக்கிறது. அந்த மையங்கள் ஒழுங்காக நடத்துகின்றனவா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மெஷினும் வந்துவிட்டது. 2003ல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ், தானே ஸ்டியரிங்கைச் சுற்றி பார்க் செய்தது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அமெரிக்காவில் 2018 மே முதல் பின் கேமரா கட்டாயம். அதன் பின்னணி கொடுமையானது. 2002ல் நியூயார்க் பக்கத்தில் ஒரு தகப்பனார் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தார். பின்னால் வந்து நின்ற அவருடைய இரண்டு வயது மகன் கண்ணாடியில் தெரியவில்லை. 2008ல் நிறைவேறிய சட்டத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். கண்ணாடியில் தெரியாத உயரம் என்று ஒன்று உண்டு. நம் வீட்டுக் குழந்தைகள் பலரும் அந்த உயரம்தான்.

2022ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் ரிவர்ஸில் போனவை கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் ரிவர்ஸ் டெஸ்ட் கேட்பது நாலு விஷயம். அவசரப்படாதே, மூன்று பக்கமும் பார், சந்தேகம் வந்தால் நிறுத்து, தேவைப்பட்டால் இறங்கிப் போய்ப் பார். முன்னால் போகிறவனுக்கும் இதே நாலுதான் வேணும். காசு கொடுத்துத் தாண்டிப் போகிறவர் இந்த நாலையும்தான் தாண்டிப் போகிறார்.

உங்கள் வீட்டில் பெண்ணோ பையனோ பதினெட்டை எட்டியிருந்தால், லீவில் ஊருக்குப் போகும்போது 'முடித்துவிட' வேண்டாம். இருக்கிற ஊரிலேயே, வண்டி நிற்கப்போகும் சந்திலேயே பழகட்டும். நாலு தண்ணி கேன் போதும், உருண்டால் நிமிர்த்தி வைக்க ஒரு ஆள் வேணும். டெஸ்டில் ஒரு தடவை ஃபெயில் ஆனால் வருத்தப்படாதீர்கள், அடுத்த தேதிக்கு எழுதிப் போடுங்கள். எல்லாம் தேறிய பிறகும் வாசலில் வண்டியை எடுக்கும் முன், சென்சார் இருந்தாலும் கேமரா இருந்தாலும், ஒரு தடவை இறங்கிப் பின்னால் நடந்து பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். அரை நிமிஷம் ஆகும்.